6 வாட் என்று போட்டிருந்தால் 6 வாட் தான் தின்னுமா?

ஞாயிறு_வகுப்பு (ரங்கூன்)

எல்லோருக்கும் வணக்கம். கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பதினாறு பேர் வருகிறார்கள். பாதிப் பேர் வீட்டில் பர்மியம்தான் புழக்கம். அதனால் வாயால் சொல்வதைவிடத் திரையில் எழுதிக் காட்டினால், ஒரு சின்னப் படம் ஓட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

கரண்ட் நிலைமையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அட்டவணை ஒரு பக்கம் இருக்கிறது, கரண்ட் இன்னொரு பக்கம் இருக்கிறது. வகுப்பு மூன்று மணி நேரம். கையில் இருப்பது: இன்டெல் ஆட்டம் என்270 செயலி போட்ட பழைய நெட்புக் (உள் பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது), ஒரு 22 அங்குல மானிட்டர், மூன்று வருஷம் ஆன 12 வோல்ட் 50 ஆம்பியர்-மணி கார் பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர். விளக்குகள் 12 வோல்ட் எல்இடி, விசிறி சார்ஜ் விசிறி. ஆக இன்வெர்ட்டரில் இருப்பது கணினியும் மானிட்டரும் மட்டும். அப்படியும் இரண்டேகால் மணி நேரத்தில் கீச் கீச் என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது.

ஒரு அன்பர் கணினி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் இரண்டு காட்டினார். ஒன்று, ஜப்பானில் இருந்து வந்த பழைய லேப்டாப், கோர் ஐ5-8250யு. இன்னொன்று, உள்ளங்கை அளவுப் பெட்டி, இன்டெல் என்100. தேடிப் பார்த்தால் என்270க்கு 2.5 வாட், ஐ5க்கு 15 வாட், என்100க்கு 6 வாட் என்று போட்டிருக்கிறது. அந்தக் கணக்குப்படி என் பழைய நெட்புக்தானே ரொம்ப நேரம் ஓட வேண்டும்? எங்கே தப்பு?

அத்தோ_பிரியன் (ரங்கூன்)

வாட் கணக்கு எனக்குத் தெரியாது அக்கா. கீச் கீச் என்று கத்தும்போது பிள்ளைகள் முகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஞாயிறு_வகுப்பு

அதை ஏன் கேட்கிறீர்கள். அதற்காகவே காத்திருக்கிறார்கள்.

பழைய_இரும்பு (ரங்கூன்)

அக்கா, அந்த 2.5 வாட் பொய் இல்லை, ஆனால் உங்கள் நெட்புக்கைப் பற்றியதும் இல்லை. அது அந்தச் செயலிச் சில்லு ஒன்றின் கணக்கு மட்டும்.

இருபது வருஷமாக இந்தச் சாமான்களைத் திறந்து மூடுகிறேன். அந்த வகை நெட்புக்கைப் பின்பக்கம் கழற்றி, வெப்பத் தகட்டைத் தூக்கினால் இரண்டு கண்ணாடி போன்ற சில்லுகள் தெரியும். ஒன்று சுண்டுவிரல் நகத்தில் பாதி, கிட்டத்தட்ட 25 சதுர மில்லிமீட்டர். அதுதான் என்270. பக்கத்தில் அதைவிடப் பெரியதாக ஒன்று உட்கார்ந்திருக்கும். அது 945ஜிஎஸ்இ என்ற துணைச் சில்லு. நினைவகத்தையும் திரையையும் பார்த்துக்கொள்வது அதுதான். செயலியை 45 நானோமீட்டரில் செய்துவிட்டு இதைப் பழைய 130 நானோமீட்டர் முறையிலேயே விட்டுவிட்டார்கள். செயலி 2.5 வாட், இந்தத் துணைச் சில்லு 6 வாட், அதற்கும் கீழே யுஎஸ்பி, வட்டு எல்லாம் பார்க்கும் இன்னொரு சில்லு 3.3 வாட். மூன்றையும் கூட்டினால் 11.8. மாப்பிள்ளை குறைவாகத்தான் சாப்பிடுகிறார், கூட வந்தவர்கள்தான் பந்தியைக் காலி பண்ணுகிறார்கள்.

இன்டெலுக்கே இது உறுத்தியது. 2010 தொடக்கத்தில் வந்த என்450இல் நினைவகக் கட்டுப்பாட்டையும் கிராபிக்ஸையும் செயலிக்குள்ளேயே இழுத்துவிட்டார்கள். செயலியின் எண் 5.5 வாட்டாக ஏறியது. பெட்டியில் போட்ட எண் ஏறினாலும் மொத்த நெட்புக் தின்பது குறைந்தது. எண்ணை மட்டும் பார்த்து வாங்கினவன் அன்றைக்கு ஏமாந்திருப்பான்.

மோல்மீன்_மச்சான்

இவ்வளவு எதற்கு? எக்ஸ்86, அதாவது இன்டெல் வகைச் செயலி என்றாலே மின்சாரம் குடிக்கிற சாதி. ஆர்ம் வகைச் செயலி வாங்குங்கள். ராஸ்பெர்ரி பை 4 என்ற ஒற்றைப் பலகைக் கணினி ஒன்று போதும். 5 வோல்ட், 3 ஆம்பியர், அவ்வளவுதான். என் ஃபோனிலும் ஆர்ம்தான், நாள் முழுக்க ஓடுகிறது.

பெகு_வாத்தியார்

தம்பி, உன் ஃபோன் நாள் முழுக்க ஓடுவது பெரும்பாலும் உன் சட்டைப்பையில் தூங்கிக்கொண்டுதான். அதில் விடாமல் மூன்று மணி நேரம் படம் ஓட்டிப் பார், சாயங்காலம் தெரியும்.

ஆர்ம் சிக்கனமாகப் பிறந்தது என்பது உண்மைதான். 1985இல் இங்கிலாந்தில் ஏகார்ன் நிறுவனம் முதல் ஆர்ம் சில்லைச் செய்தபோது அதில் சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள் (சின்ன மின் சுவிட்சுகள்)தான். சோதித்துப் பார்த்தவர்கள் மின்னோட்டம் அளக்கும் மீட்டரை மாட்டினால் சுழியம் காட்டியது. பிறகு பார்த்தால் அந்தப் பலகையில் சில்லுக்கு மின்சாரம் போகும் இணைப்பே இல்லை. மற்றக் கால்கள் வழியாகக் கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது வேலை செய்துகொண்டிருந்தது. இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

ஆனால் சிக்கனம் எங்கே இருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள எந்தக் கம்பெனி என்று பார்த்துப் பயனில்லை. ஒரு சின்னச் சமன்பாடு போதும். சில்லு வேலை செய்யும்போது செலவழிக்கும் திறன், மின்கொள்ளளவு × வோல்டேஜின் வர்க்கம் × கடிகார வேகம். இதில் வோல்டேஜ் மட்டும் வர்க்கம் என்பதைக் கவனியுங்கள். உதாரணம்: 1 வோல்ட்டில் 2 கிகாஹெர்ட்ஸ் ஓடும் ஒரு சில்லை 0.8 வோல்ட்டில் 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்குகிறோம். வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. திறன்? 0.8 × 0.8 × 0.8 = 0.512. ஏறக்குறைய பாதி! ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் கொடுத்துவிட்டுப் பாதி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம். இந்த ஒரு வரியை நம்பித்தான் மடிக்கணினிச் செயலித் தொழிலே நடக்கிறது. 2000ஆம் ஆண்டில் இன்டெல் ஸ்பீட்ஸ்டெப் கொண்டுவந்ததும், அதே ஆண்டு டிரான்ஸ்மெட்டா என்ற கம்பெனி குரூசோ செயலியோடு லாங்ரன் கொண்டுவந்ததும் இதற்குத்தான். (லினக்ஸ் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த டிரான்ஸ்மெட்டாவில் சம்பளத்துக்கு இருந்தவர்.)

இதோடு முடிந்துவிடவில்லை. வேலை செய்யாமல் சும்மா இருக்கும்போதும் டிரான்சிஸ்டர் கொஞ்சம் கசியும். மூடிய குழாயில் சொட்டுகிற தண்ணீர் மாதிரி. சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் விசிறி இல்லாத பெட்டி, தண்ணீர்த் திருவிழாச் சமயத்தில் ஒரு மாதிரியும் மார்கழியில் ஒரு மாதிரியும் ஓடுவது அதனால்தான்.

ஞாயிறு_வகுப்பு

ஐயா, குழாய் உதாரணம் புரிந்தது. அப்படியென்றால் 15 வாட் என்று போட்ட லேப்டாப் எப்போதும் 15 வாட் தின்கிறதா, இல்லையா?

பழைய_இரும்பு

இல்லை. அந்த எண் வயிறு எவ்வளவு கொள்ளும் என்பது. சோறு எவ்வளவு போட்டீர்கள் என்பது வேறு.

அந்த 15 வாட், இவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் தகடும் விசிறியும் வைத்துக்கொள் என்று லேப்டாப் செய்கிறவனுக்குச் சொன்னது. கடுமையான வேலையைத் தொடர்ந்து கொடுத்தால் அடிப்படை வேகத்தில் அந்த அளவுக்கு நிற்கும். ஐ5-8250யு அடிப்படை 1.6 கிகாஹெர்ட்ஸ், அவசரத்துக்கு 3.4 வரை துள்ளும். துள்ளும்போது 15ஐத் தாண்டியும் போகும். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து "அ" எழுதிக் காட்டிக்கொண்டிருந்தால் செயலி ஒன்றிரண்டு வாட்டில் கிடக்கும்.

கடல்தாண்டியவன் (ஊர் தட்டோன், இருப்பு சிங்கப்பூர்)

ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். சில்லுச் சோதனைதான் என் பிழைப்பு என்பதால் இதில் வாயைத் திறக்காமல் இருக்க முடியவில்லை.

பழைய இரும்பு அண்ணன் சொன்ன "கிடக்கும்" என்பதுதான் விஷயமே. செயலி எப்படி ஓடுகிறது என்பதைவிட எப்படித் தூங்குகிறது என்பதில்தான் பேட்டரி மிச்சமாகிறது. நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த எழுத்தைத் தட்டுவதற்குள் செயலிக்கு ஒரு யுகம் கிடைக்கிறது. அந்த இடைவெளியில் அது படிப்படியாகத் தூங்கப் போகும். முதல் படியில் கடிகாரத்தை மட்டும் நிறுத்தும். கூப்பிட்டால் உடனே எழுந்துவிடும், ஆனால் வாத்தியார் சொன்ன கசிவு அப்படியே இருக்கும். ஆழமான படியில், சி6 என்பார்கள், தான் பாதியில் விட்ட கணக்கையெல்லாம் ஒரு சின்ன நினைவகத்தில் எழுதிவைத்துவிட்டு, கோருக்கு (செயலிக்குள் கணக்குப் போடும் பகுதிக்கு) வரும் வோல்டேஜையே ஏறக்குறைய சுழியத்துக்கு இறக்கிவிடும். அப்போது கசியவும் வழியில்லை. எழுந்து வரக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அதுதான் விலை. 2008இல் கைச்சாதனங்களுக்காக வந்த ஆட்டம் இசட் வரிசையிலேயே இது வந்துவிட்டது.

இதனால் ஒரு விநோதம் நடக்கும். ஒரே வேலையை மெதுவாகப் பத்து விநாடி செய்வதைவிட, வேகமாக மூன்று விநாடியில் முடித்துவிட்டு ஏழு விநாடி தூங்குவது பல நேரம் சிக்கனம். செயலி விழித்திருக்கும்வரை நினைவகம், துணைச் சுற்று எல்லாம் கூடவே விழித்திருக்க வேண்டும் அல்லவா. உங்கள் என்270 ஒரு பக்கத்தைத் திறக்க அரை நிமிஷம் மூச்சு வாங்கும். அந்த அரை நிமிஷமும் மொத்தக் குடும்பமும் முழித்துக்கொண்டிருக்கும்.

மோல்மீன்_மச்சான்

வாத்தியார் மெதுவாக ஓடினால் சிக்கனம் என்கிறார். நீங்கள் வேகமாக ஓடினால் சிக்கனம் என்கிறீர்கள். எது சரி?

கடல்தாண்டியவன்

நல்ல கேள்வி. இரண்டும் சரி, அதுதான் தொல்லை. வோல்டேஜ் கூட்டாமல் கூட்டக்கூடிய வேகம் வரை ஓடுவது லாபம். அதற்கு மேல் ஒவ்வொரு அடிக்கும் வோல்டேஜ் ஏற்ற வேண்டியிருக்கும், வர்க்கக் கணக்கு வந்து கழுத்தைப் பிடிக்கும். ஒவ்வொரு சில்லுக்கும் நடுவில் ஒரு நல்ல இடம் உண்டு. அந்த இடத்தை இயங்குதளமும் சில்லும் சேர்ந்து நொடிக்கு நொடி தேடிக்கொண்டே இருக்கின்றன.

பெரிய கோரும் சின்னக் கோரும் கலந்து வைப்பது அந்தத் தேடலுக்கு இன்னொரு வழி. 2011இல் ஆர்ம் அறிவித்தது. ஏ15 என்ற பெரியது, ஏ7 என்ற சின்னது, இரண்டும் ஒரே சில்லில். சில்லறை வேலைக்குச் சின்னவன், சுமை தூக்கப் பெரியவன். பத்து வருஷம் கழித்து இன்டெல்லும் 12ஆம் தலைமுறையில் அதே வழிக்கு வந்தது. உங்களுக்குக் காட்டிய என்100 அந்தக் குடும்பம்தான், ஆனால் பெரிய கோர் ஒன்றுகூட இல்லை. நான்கும் சின்னவை, கிரேஸ்மான்ட் என்று பெயர்.

சின்னது என்றால் இளப்பமாக நினைக்க வேண்டாம். உங்கள் என்270க்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசத்தை மோஹிங்கா (பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸ்) கடை வரிசையை வைத்துச் சொல்லலாம். என்270 வரிசை தப்பாமல் பரிமாறும் கடை. முன்னால் நிற்பவர் முட்டை வேண்டும் என்கிறார், முட்டை இன்னும் வேகவில்லை. பின்னால் வெறும் மோஹிங்கா கேட்டு நிற்கும் பத்துப் பேரும் காத்திருக்க வேண்டியதுதான். நினைவகத்தில் இருந்து ஒரு எண் வரத் தாமதமானால் அந்தச் செயலி இப்படித்தான் கைகட்டி நிற்கும். (அந்த நேரத்தை வீணாக்காமல் இருக்கத்தான் ஹைப்பர் த்ரெடிங் என்று இரண்டாவது வரிசை ஒன்றையும் வைத்தார்கள். இந்த வரிசை நின்றால் அந்த வரிசை நகரும்.) கிரேஸ்மான்ட் அப்படி இல்லை. முட்டைக்காரரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்னால் இருப்பவர்களைக் கவனிக்கும், பில் போடும்போது மட்டும் வரிசைப்படி போடும். ஒரே நேரத்தில் 256 கட்டளைகள் வரை இப்படிக் கையில் வைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் இந்த வித்தைக்குச் செலவாகும் மின்சாரத்தைக் கண்டு பயந்தார்கள். டிரான்சிஸ்டர் சிறுத்ததும் அது கட்டுப்படியாகிவிட்டது. ஆட்டம் குடும்பத்துக்கு 2013இல் சில்வர்மான்ட் என்ற கோரோடு இது வந்தது.

ஆர்ம் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்86 கட்டளைகள் நீளம் மாறி மாறி வரும், அதைப் பிரித்துப் படிக்கக் கூடுதல் மின்சாரம் வேண்டும் என்பது நிஜம். ஆனால் இன்றைய சில்லில் அது மொத்தச் செலவில் ஒரு துண்டுதான். கேச் (செயலிக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்), வெளி நினைவகம், எந்த நானோமீட்டரில் செய்தது, எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது, இவையெல்லாம் அதைவிடப் பெரிய துண்டுகள். அதனால் மோல்மீன் தம்பி, சாதி பார்க்காதே.

அத்தோ_பிரியன்

மோஹிங்கா என்றதும் பசிக்கிறது. ஆனால் முதல் தடவையாக ஹைப்பர் த்ரெடிங் புரிந்தது.

பழைய_இரும்பு

தம்பி சொன்ன ராஸ்பெர்ரி பையை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். பை 4 மொத்தமே சும்மா இருக்கும்போது மூன்று வாட் பக்கம்தான் தின்னும். அக்கா வைத்திருக்கும் படங்கள் எச்264 என்ற முறையில் சுருக்கிய கோப்புகள் என்றால் அதை விரிக்கத் தனிச் சுற்று அதில் உண்டு, நன்றாகவே ஓடும். எனக்குப் பயம் வேறு. அது எஸ்டி அட்டையில் ஓடுவது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அட்டை கெட்டுப்போகும். மாசத்துக்கு இரண்டு பேர் என்னிடம் கொண்டுவருகிறார்கள். 5 வோல்ட் கொஞ்சம் இறங்கினாலும் தடுமாறும். அதை வீட்டில் வைத்து நோண்டிப் பார்க்கிறவர்கள் வாங்கலாம். வகுப்பு நடுவில் அக்கா நோண்டிக்கொண்டிருக்க முடியாது.

மோல்மீன்_மச்சான்

அட்டை விஷயம் ஒத்துக்கொள்கிறேன். எனக்கே இரண்டு போயிருக்கிறது.

ஞாயிறு_வகுப்பு

படம் விரிக்கத் தனிச் சுற்று என்றால் என்ன? என் நெட்புக்கில் அது இல்லையா? பழைய சின்னப் படங்கள் ஓடுகின்றன. அனுப்பிவைக்கும் புதிய படங்கள் கட்டை வண்டி மாதிரி ஓடுகின்றன.

கடல்தாண்டியவன்

இல்லை அக்கா. இப்போது அனுப்பப்படும் சுருக்கு முறைகள் எதையும் விரிக்கும் சுற்று அந்த நெட்புக்கின் கிராபிக்ஸில் கிடையாது. எல்லாவற்றையும் செயலியே தன் கையால் பிரிக்க வேண்டும். கொஞ்சம் பெரிய படம் என்றால் முழுப் பலத்தோடு ஓடியும் முடியாது.

தனிச் சுற்று என்பது இட்லித் தட்டு மாதிரி. ஒரே ஒரு வேலைக்குத்தான் ஆகும், ஆனால் அந்த வேலையைக் கொஞ்சத் தீயிலேயே முடித்துவிடும். ஐ5-8250யுவில் எச்264, எச்இவிசி, விபி9 என்ற சுருக்கு முறைகள் மூன்றுக்கும் உண்டு. என்100இல் அவற்றோடு ஏவி1க்கும் உண்டு. யூடியூப் இப்போது விபி9, ஏவி1 இரண்டையும் தாராளமாக அனுப்புகிறது. ஏவி1 வந்தால் ஐ5 கையால் பிரிக்க வேண்டும், விசிறி சுற்றும், பேட்டரி இறங்கும். இன்றைய குறைந்த மின்சாரச் செயலியில் கோரைவிட நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பழைய_இரும்பு

இப்போது கடைக்காரன் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என்100க்கு 6 வாட் என்பது இன்டெல் போட்ட எண். பெட்டி செய்கிறவன் அதை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தொடர்ந்து எவ்வளவு தின்னலாம், கொஞ்ச நேரத்துக்கு எவ்வளவு தின்னலாம் என்று இரண்டு வரம்புகள் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கத்தில்) இருக்கும். வேகமாக ஓடுகிறது என்று பெயர் வாங்க முதல் வரம்பை 15க்கும் 20க்கும் ஏற்றிவிட்டு விற்பார்கள். போன மாசம் ஒருவர் கொண்டுவந்த பெட்டி தொட்டால் தோசை சுடலாம் போல இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் வரம்பு இருபது. பத்துக்கு இறக்கினேன். அவருக்கு வேகத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, சூடு மட்டும் போய்விட்டது. வாங்கியதும் முதல் வேலை அது.

இன்னொன்று, என்100 நினைவகத்துக்கு ஒற்றைப் பாதைதான். ஒரு பட்டைதான் போட முடியும். இன்டெல் கணக்கில் 16 ஜிபி வரை. வகுப்புக்கு 8 போதும்.

அக்கா, இத்தனையும் பேசியாயிற்று. இனிமேல் அளக்காமல் பேசுவதில் அர்த்தம் இல்லை. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் மாட்டுகிற சின்ன டிசி வாட்மீட்டர் என்னிடம் இருக்கிறது. கடைக்காரரிடம் இரண்டையும் ஒரு நாள் இரவல் கேளுங்கள். சனிக்கிழமை வருகிறேன்.

பெகு_வாத்தியார்

அளக்கும்போது ஒன்றும் மாட்டாமல் இன்வெர்ட்டரை மட்டும் போட்டு முதலில் ஒரு எண் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

ஞாயிறு_வகுப்பு

அளந்தாயிற்று! அண்ணன் வந்தார், டீ குடித்தார், மண்டபத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். எண்களை அப்படியே தருகிறேன். எல்லாமே பேட்டரியில் இருந்து போவது.

இன்வெர்ட்டர் மட்டும், ஒன்றும் மாட்டாமல்: 14 வாட். வாத்தியார் ஐயாவுக்கு ஒரு கும்பிடு.

அதோடு நெட்புக் மட்டும், படம் ஓடும்போது: 32. அதோடு மானிட்டரும்: 55. என் பேட்டரியின் வயசுக்கு இரண்டேகால் மணி நேரம் ஓடியதே பெரிது என்றார் அண்ணன்.

லேப்டாப், இன்வெர்ட்டர் வழியாக, தன் சொந்தத் திரையில் அதே படம்: 24. சும்மா எழுதிக்கொண்டிருந்தால் 21.

பெட்டி, இன்வெர்ட்டர் வழியாக, மானிட்டர் இல்லாமல், அதே படம்: 25. மானிட்டரும் சேர்த்தால் 48.

இதற்கா இத்தனை நாள் சண்டை போட்டோம்? 55க்கும் 48க்கும் ஏழு வாட் தானே வித்தியாசம்?

மோல்மீன்_மச்சான்

அக்கா, 14ஐக் கழித்துப் பாருங்கள். நெட்புக் 18, லேப்டாப் திரையோடு சேர்த்தே 10, பெட்டி 11. செயலிகள் தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன. மீதியைத் தின்பது இன்வெர்ட்டரும் மானிட்டரும்தான்!

கடல்தாண்டியவன்

தம்பி பிடித்துவிட்டான். இன்னொரு சுவாரஸ்யம்: அந்தப் பெட்டியில் லினக்ஸ் போட்டு, செயலியின் செலவைக் காட்டும் டர்போஸ்டாட் என்ற நிரலை ஓட்டினால், படம் ஓடும்போது செயலி தான் மூன்று வாட் பக்கம் தின்பதாகச் சொல்லும் என்று பந்தயம் கட்டுகிறேன். மீதி எட்டு வாட் நினைவகம், வட்டு, வைஃபை, வோல்டேஜ் மாற்றும் சுற்றுகள், அடாப்டர் என்று போகிறது. செயலியை இவ்வளவு சிக்கனமாக்கிய பிறகு சுற்றியிருப்பதுதான் கணக்கில் பெரிதாகத் தெரிகிறது. அதனால்தான் 2024இல் வந்த இன்டெலின் லூனார் லேக் போன்ற சில்லுகளில் நினைவகத்தையே செயலியின் பொதிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். நினைவகம் தூரத்தில் இருந்தால் அந்தக் கம்பிகளில் சைகை அனுப்பவே மின்சாரம் போகிறது. 945ஜிஎஸ்இ காலத்தில் அண்ணன் சொன்ன அதே கதைதான்.

பெகு_வாத்தியார்

மானிட்டரின் வெளிச்சத்தைப் பாதியாக்கி அளந்தீர்களா?

ஞாயிறு_வகுப்பு

இல்லை ஐயா. இப்போது பார்க்கிறேன், மீட்டர் இன்னும் இங்கேதான் இருக்கிறது.

பார்த்துவிட்டேன். 48 என்று காட்டியது 40க்கு வந்துவிட்டது. மண்டபத்தில் பகலில் சன்னலை மூடினால் பாதி வெளிச்சம் தாராளம்.

பழைய_இரும்பு

இப்போது இன்வெர்ட்டரைத் தூக்கிவிடலாமா என்று பார்ப்போம். 12 வோல்ட் பேட்டரியை 230 ஆக்கி, அதை அடாப்டரில் மறுபடி 12 ஆக்குகிறோம். பெகுவுக்குப் போக மோல்மீனைச் சுற்றுகிற வழி. அந்தப் பெட்டியின் அடாப்டர் 12 வோல்ட். மானிட்டரின் பின்னால் பார்த்தேன், அதுவும் வெளி அடாப்டர், 12 வோல்ட்.

ஆனால் பேட்டரியை நேராக மாட்டிவிடாதீர்கள். 12 வோல்ட் பேட்டரி என்பது பெயருக்குத்தான். சார்ஜ் ஆகும்போது 14.4 வரை போகும், தீரும்போது 11க்கும் கீழே வரும். உள்ளே எது வந்தாலும் வெளியே சரியாக 12 கொடுக்கும் ஏற்ற-இறக்க மாற்றி ஒன்று நடுவில் வேண்டும். ஐந்து ஆம்பியர் தாங்குவதாகப் பாருங்கள். லேப்டாப்புக்கு 19 வோல்ட் வேண்டும், அதற்கும் வழி இருக்கிறது, ஆனால் மானிட்டர் எப்படியும் பிள்ளைகளுக்குத் தேவை என்கிறீர்கள்.

மோல்மீன்_மச்சான்

நான் லேப்டாப் பக்கம். உள் பேட்டரி இருக்கிறதே! கரண்ட் போனாலும் கணினி அணையாது.

பழைய_இரும்பு

ஜப்பான் பழசின் உள் பேட்டரியை நம்பாதே தம்பி. நாற்பது நிமிஷம் கொடுத்தால் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கலாம்.

ஞாயிறு_வகுப்பு

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். பெட்டியைத்தான் வாங்கினோம். லேப்டாப்பின் விசைப்பலகையில் இருந்த ஜப்பான் எழுத்துகளைப் பார்த்துப் பிள்ளைகள் இதுதான் தமிழா என்று கேட்டதும் ஒரு காரணம். பயாஸில் வரம்பை அண்ணன் பத்துக்கு இறக்கினார். ஏற்ற-இறக்க மாற்றியையும் மாட்டியாயிற்று. பெட்டி, பாதி வெளிச்சத்தில் மானிட்டர், இரண்டும் சேர்ந்து பேட்டரியில் இருந்து 24 வாட். போன ஞாயிறு மூன்று மணி நேரம் முழுக்க ஓடியது, பேட்டரி 12.1 வோல்ட்டில் நின்றது. பதினொன்றே காலுக்குக் கரண்ட் வந்ததும் பக்கத்துத் தெருவே "மீ லாபி" (கரண்ட் வந்துவிட்டது) என்று கத்தியது. எங்கள் பிள்ளைகளும் கத்தினார்கள், பிறகு திரையைப் பார்த்து ஏமாந்துபோனார்கள்.

ஒரு சந்தேகம். பேட்டரியில் இருந்து வரும் கம்பியில் ஃபியூஸ் போடவில்லை. போட வேண்டுமா?

பழைய_இரும்பு

அக்கா! அன்றைக்கு நான் கிளம்பும் அவசரத்தில் மறந்துவிட்டேன், என் தப்பு. கட்டாயம் போட வேண்டும். கார் பேட்டரி கம்பி எரியும்வரை விடாது. உங்களுக்குப் போவது இரண்டு ஆம்பியர் பக்கம், 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். நேர்முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். இன்றைக்கு அதைக் கழற்றி வையுங்கள், நாளை சாயங்காலம் நானே வந்து போட்டுவிடுகிறேன்.

அத்தோ_பிரியன்

டீ தயாராக இருக்கட்டும். கீச் கீச் சத்தத்துக்குப் பதில் வேறு ஏதாவது வைக்க முடியுமா என்று பிள்ளைகள் சார்பில் கேட்கிறேன்.